மிச்சத்தை யார் சாப்பிடுகிறார்கள்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், 68 வயது மாமியார் ஆகியோருடன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறார். "பள்ளி நாட்களில் தினமும் அரியமங்கலம் குப்பை மேட்டைப் பார்த்தபடி பஸ்ஸில் போனவள் நான். என் வீட்டிலிருந்து அங்கே ஒரு பிடி கூடப் போகக் கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்" என்று தொடங்குகிறது கடிதம்.

ஒன்றரை ஆண்டாக அவர் வீட்டுச் சமையலையே மாற்றியிருக்கிறார். பால், முட்டை, மீன், கறி எல்லாம் நின்றுவிட்டன. அரிசிச் சோறு ஞாயிறு மட்டும். மற்ற நாட்களில் வரகு, சாமை, சில சமயம் குயினோவா. மகளுக்குப் பாதாம் பால். அலுமினிய குக்கரையும் பிளாஸ்டிக் டப்பாக்களையும் எடைக்குப் போட்டுவிட்டு மண்சட்டியும் கண்ணாடிப் புட்டிகளும் வாங்கிவிட்டார். காஸை மிச்சப்படுத்த விடுமுறை நாட்களில் மொட்டை மாடியில் விறகடுப்பு எரிகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை ஃபிரிட்ஜ் அணைந்திருக்கிறது. பால்கனியில் இருக்கும் உரப் பானையிலிருந்து புழு இறங்குவதாக இரண்டாம் மாடிக்காரர் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார். மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கிறார். கணவர் வாரத்தில் நான்கு நாள் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறார், அல்லது பார்சல் வாங்கி வருகிறார்.

கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று: "காஸை முழுவதும் நிறுத்திவிட்டு விறகுக்கோ இண்டக்‌ஷன் அடுப்புக்கோ மாறிவிடலாமா? பாலும் மீனும் இல்லாமல் மகள் வளர்வாளா? இவர்களை எப்படி என் வழிக்குக் கொண்டுவருவது?"

அன்புள்ள வாசகிக்கு,

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் வேறு மாதிரி இருப்பவர்களுக்கு நடுவில், நினைத்ததைத் தன் அடுப்படியிலேயே செய்து பார்த்தவர் நீங்கள். உங்கள் திசை தவறு என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காத இரண்டு விஷயங்களைப் பேசியாக வேண்டும். ஒன்று உடனே பேச வேண்டியது. மற்றொன்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிய ஒரே ஒரு வரி.

இன்றிரவு ஃபிரிட்ஜை அணைக்காதீர்கள்

மாமியார் இன்சுலின் போடுகிறார், மருந்து ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதமாக அவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை 200-க்குக் கீழே இறங்கவில்லை, பக்கத்து வீட்டுக் காபிதான் காரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காபியில் போடும் சர்க்கரைக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். பிரித்த மருந்தைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறையில் வைத்துப் பயன்படுத்தலாம். அதுவும் 25, 30 டிகிரியைத் தாண்டாத அறை. திருச்சி வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் ஏழு மணி நேரம் சூடேறிப் பிறகு குளிரும் பெட்டியில் மாதக்கணக்காக இருக்கும் மருந்து வீரியம் இழந்திருக்கக்கூடும். ஓர் இரவில் கெட்டுப்போகும் பொருள் அல்ல, பதற வேண்டாம். ஆனாலும் கையிருப்பில் இருப்பதை மருத்துவரிடம் காட்டி, புதியது வாங்கலாமா என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்காமல் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இதில் மிச்சமாகும் மின்சாரமாவது பெரிதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. சிறு குடும்பத்துக்கான ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. காலையில் மீண்டும் போட்டவுடன், ஏறிய சூட்டை இறக்க அது கூடுதலாக ஓடும். இரவெல்லாம் வெதுவெதுப்பில் இருந்த மாவும் குழம்பும் ஒரு நாள் முன்னதாகவே புளித்துப்போகும். ஃபிரிட்ஜ் இருப்பது உணவைக் காப்பாற்ற. அணைத்து வைத்த ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி.

கடைசிப் பக்கத்து வரி

நீங்கள் எழுதியது இது: "எங்கள் வீட்டில் உணவு வீணாவதே இல்லை. மிச்சத்தை எல்லாம் நானே சாப்பிட்டுவிடுவேன்."

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். வருகிறவர்களிடம் முதலில் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பது வழக்கம். பெண்கள் "மூன்று இட்லி" என்பார்கள். "குழந்தை தட்டில் வைத்துவிட்டுப் போனது?" என்று அடுத்த கேள்வி கேட்டால் ஒரு சிரிப்பு வரும். அது ஒன்றரை இட்லி. பாத்திரத்தில் ஒட்டியிருந்த பொங்கல் இரண்டு கரண்டி. கணவர் தொடாத உப்புமா. நேற்றைய ரசத்தைக் கொட்ட மனமில்லாமல் ஊற்றிக்கொண்ட ஒரு பிடிச் சோறு. இவற்றை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு பாத்திரத்தைக் கழுவப் போட்டவை அவை. எடை ஏறுகிறது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. மிஞ்சுவது எப்போதும் சோறும் இட்லியும்தான். மீன் துண்டும் முட்டையும் எந்த வீட்டிலும் மிஞ்சுவதில்லை.

"எங்கள் காலத்தில் எதுவும் வீணானதில்லை" என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, எல்லோரும் எழுந்துபோன பிறகு சட்டியை வழித்துத் தின்ற பெண்களின் வயிறு. என் அம்மா குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு உருண்டை கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவார். அதன் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அன்று அவர் வேறு என்ன சாப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

உங்கள் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். வரகுச் சோறு நான்கு பேருக்கு வேகிறது. கணவர் வெளியே சாப்பிட்டுவிட்டார். மாமியார் இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மகள் பாதியில் நிறுத்திவிட்டாள். மூன்று பேருடைய மிச்சத்தையும் நீங்கள் மறுநாள் மதியம் வரை சாப்பிட்டு முடிக்கிறீர்கள். குப்பைக் கூடை சுத்தமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த உணவு கூடைக்குப் பதிலாக வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறது. பசியில்லாதபோது தின்ற சோறும் வீணான சோறுதான். இதற்கிடையில் கணவர் வாங்கி வரும் பார்சலோடு பிளாஸ்டிக் டப்பாவும் சட்னிப் பையும் வீட்டுக்குள் வருகின்றன. அவற்றை உங்கள் கணக்கில் நீங்கள் எழுதவில்லை.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது. தோல், கொட்டை எல்லாம் சேர்த்த கணக்கு. உலகில் வீணாகும் உணவில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலிருந்துதான் போகிறது. ஓட்டல்களோ கல்யாண மண்டபங்களோ அந்தக் கணக்கில் நம் வீடுகளுக்குப் பின்னால்தான் வருகின்றன. ஆகவே நீங்கள் கவலைப்படும் இடம் சரியான இடம். ஆனால் மிச்சத்தை என்ன செய்வது என்று யோசிப்பதைவிட, ஏன் மிஞ்சுகிறது என்று பார்ப்பது மலிவான வழி. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நாள், எது, எவ்வளவு மிஞ்சியது, ஏன். கணக்குப் பிரிவில் இருப்பவர், உங்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்குத் தலைக்கு 60 முதல் 75 கிராம் அரிசியோ சிறுதானியமோ போதும். காய், பருப்பு தாராளமாக இருக்கும் நாளில் இன்னும் குறையும். மூன்று பெரியவர்களுக்கும் ஒரு சிறுமிக்கும் நீங்கள் போடும் இரண்டு டம்ளர் வரகு அதிகம். கணவர் வருவாரா மாட்டாரா என்று மாலை நான்கு மணிக்கே தகவல் சொல்ல வேண்டும் என்பதை வீட்டு விதியாக்குங்கள். அந்த ஒரு தகவலால் வீணாகாமல் தப்பும் உணவு உங்கள் உரப் பானை விழுங்குவதைவிட அதிகமாக இருக்கும்.

அப்படியும் மிஞ்சினால், அது நால்வருக்கும் பொதுவான மிச்சம். மறுநாள் காலை உணவில் எல்லோருடைய தட்டிலும் அது வர வேண்டும். வெந்த சோறும் சிறுதானியமும் வெளியே கிடந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். சோற்றில் உயிர் பிழைத்திருக்கும் ஒருவகை பாக்டீரியா பெருகிக் கக்கும் நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் போகாது. பழைய சோறு வேறு கதை. அதை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுகிறோம். அமிலம் சேர்வதால் பெரும்பாலான கெட்ட கிருமிகள் அதில் தலையெடுப்பதில்லை. ஆனால் மதியம் வரை மேசையில் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றிவிட்டு அதைப் பழைய சோறு என்று சொல்லக் கூடாது.

அடுப்பு: ஒரு சிலிண்டர் கணக்கு

விறகு இயற்கையானது, ஆகவே நல்லது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. மொட்டை மாடி விறகடுப்பில் எழும் புகையில் இருப்பது நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும். வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் பாட்டிமார்கள் ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் எரிந்து, இருமி இருமிப் போய்ச் சேர்ந்ததை நாம் "பாரம்பரியம்" என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறோம். மகளுக்குக் குளிர்காலத்தில் வீசிங் வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விறகடுப்பை எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இண்டக்‌ஷன் விஷயம் அத்தனை எளிதல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14.2 கிலோ சிலிண்டரை எரித்து முடித்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 125 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு அருகில் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் கிட்டத்தட்ட 88 கிலோ. அதாவது இன்றைய நிலையில், கம்பியில் வரும் மின்சாரத்தில் சமைப்பது காஸைவிட இரு மடங்கு. இண்டக்‌ஷன்தான் பசுமை என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காற்றிலும் நீரிலும் மின்சாரம் எடுக்கும் நாடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கு நிரந்தரமல்ல. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும் மாதங்களில் நம் மாநிலத்துக் கணக்கு மாறும். ஆண்டுக்காண்டு சூரிய மின்சாரமும் கூடிவருகிறது. உங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்டால் பகல் சமையலுக்கு இண்டக்‌ஷன்தான் சிறந்தது. வீட்டுக்குள் புகையே இல்லை என்பது எப்போதுமே அதன் நன்மை. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தனி வீடுகளுக்கு 3 கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கும். உரப் பானைச் சண்டை முடியாமல் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை.

அதுவரை காஸே இருக்கட்டும். உண்மையான சேமிப்பு வேறிடத்தில் இருக்கிறது. எடைக்குப் போட்டீர்களே ஒரு குக்கர், அதைத்தான் சொல்கிறேன். மண்சட்டியில் கொண்டைக்கடலை வேக ஒன்றரை மணி நேரம். இரவே ஊறவைத்துக் குக்கரில் போட்டால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். எவர்சில்வர் குக்கர் ஒன்று வாங்குங்கள். மண்சட்டியை மீன் குழம்புக்கும் புளிக் குழம்புக்கும் வைத்துக்கொள்ளலாம். அரிசிக்குக் கேரளத்தார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய சூடாறாப்பெட்டி. பத்து நிமிடம் கொதித்த அரிசியைப் பாத்திரத்தோடு வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். மீதிப் பாதியை அந்தச் சூடே வேகவைத்துவிடும். பழைய கம்பளியும் அட்டைப் பெட்டியும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அதில் ராஜ்மா வைக்காதீர்கள். நன்றாகக் கொதிக்காத சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் ஒரு நஞ்சு வாந்தி பேதிக்குக் கொண்டுபோய் விடும். ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, கொதித்து வெந்தால்தான் அது உணவு.

இன்னொன்று. பழைய டப்பாக்களை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாகக் கண்ணாடியும் மூங்கிலும் வாங்கியதில் பூமிக்கு லாபம் ஏதும் இல்லை. இருக்கும் பொருள் உடையும் வரை உழைப்பதுதான் சிக்கனம். சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் வைக்க வேண்டாம். பருப்பையும் கோலமாவையும் தாராளமாகப் போட்டு வைக்கலாம். நடந்தது நடந்துவிட்டது, புதிதாக எதையும் வாங்காமல் இருந்தால் போதும்.

பாதாம், பால், மீன்

2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தகவல்களை அலசியது. ஆட்டுக்கறியாலும் மாட்டுக்கறியாலும் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் வாயு, பருப்பு வகைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அசைபோடும் விலங்குகளின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன்தான் முக்கியக் காரணம். உங்கள் திசை சரி என்று நான் சொன்னது இதனால்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: உணவு பயணிக்கும் தூரத்தால் வரும் பாதிப்பு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கே விளைந்தது என்பதைவிட என்ன விளைந்தது, எப்படி விளைந்தது என்பதே பெரிது.

ஆனாலும் பாதாம் பால் விஷயத்தில் "எப்படி விளைந்தது" என்பதே இடிக்கிறது. உலகத்து பாதாமில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விளைகிறது. அடிக்கடி வறட்சியில் தவிக்கும் மாநிலம், பாசனத்தால் நிற்கும் தோப்புகள். அந்தப் பாலில் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் புரதம்; பசும்பாலில் அதே டம்ளருக்கு ஆறு, ஏழு கிராம். வளரும் குழந்தைக்கு அது பாலின் இடத்தை நிரப்பாது. தேங்காய்ப் பாலுக்கும் இதே கதிதான். பாலுக்கு மாற்று வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் சேர்த்த சோயா பால்தான் ஓரளவு பொருந்தும். குயினோவாவை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கையெட்டும் தூரத்தில் சாமையும் தினையும் மூட்டை மூட்டையாக விற்கும் ஊரில் அதற்கு ஏன் அந்த விலை என்று எனக்குப் புரிவதில்லை.

அரிசியை விட்டதற்கு நீங்கள் சொன்ன காரணம் மீத்தேன். தண்ணீர் தேங்கிய வயலில் அது உருவாவது உண்மை. அதற்கு டெல்டா விவசாயிகளுக்கும் வேளாண் துறைக்கும் தெரிந்த விடை, காய்ச்சலும் பாய்ச்சலும்: வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சுவது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் கணிசமாகக் குறையும். காவிரிக் கரையில் இருந்துகொண்டு சோற்றை முற்றாக விடுவதைவிட, வாரத்தில் மூன்று நாள் சோறு, மூன்று நாள் சிறுதானியம், ஒரு நாள் அவரவர் இஷ்டம் என்று வைத்தால் வீட்டில் எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிடுவார்கள். மாமியார் விஷயத்தில் ஒரு திருத்தமும் உண்டு. சிறுதானியம் எவ்வளவு தின்றாலும் சர்க்கரை ஏறாது என்பது தவறு. வழவழவென்று அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி அரிசிக் கஞ்சியைப் போலவே சர்க்கரையை ஏற்றும். அளவும், கூடச் சாப்பிடும் காயும் பருப்பும்தான் முக்கியம். கேழ்வரகை மகளுக்குக் கொடுங்கள்: 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

இனி உங்கள் உடம்பு. ஹீமோகுளோபின் 9.4, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பாதத்தில் மதமதப்பு, பெயர்கள் மறந்துபோகின்றன. அலுவலகக் களைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனாலேயே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் பாத மதமதப்பும் மறதியும் வைட்டமின் பி-12 குறைவைச் சுட்டுகின்றன. அது விலங்குணவில்தான் நம்பகமாகக் கிடைக்கிறது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்குச் சேமிப்பு இருக்கும் என்பதால் ஒன்றரை ஆண்டில் இந்த நிலை என்றால், முன்பே சேமிப்பு குறைவாக இருந்திருக்கலாம். இட்லி மாவிலும் பழைய சோற்றிலும் பி-12 போதிய அளவு கிடைக்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள். ரத்தத்தில் பி-12, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சிவப்பணுவின் பருமன் மூன்றையும் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கடையில் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் வாங்கி விழுங்க வேண்டாம். அது ரத்தசோகையைச் சரிசெய்து காட்டிவிட்டு, நரம்புப் பாதிப்பை உள்ளே வளரவிடும்.

விலங்குணவே வேண்டாம் என்பது உங்கள் உரிமை. பி-12 மாத்திரையோடு நீங்கள் அப்படியே இருக்கலாம். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், முருங்கைக் கீரையில் எலுமிச்சை பிழியுங்கள், இரும்பு தோசைக்கல்லை மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். ஏழு வயதுக் குழந்தை உங்கள் கொள்கையை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. அவளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர் பாலோ தயிரோ, வாரத்தில் நான்கைந்து முட்டை. வீட்டில் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வஞ்சிரத்துக்குப் பதில் மத்தி, நெத்திலி. சீக்கிரம் பெருகும் சிறு மீன்கள், அவற்றைப் பிடிக்கச் செலவாகும் டீசலும் குறைவு, பி-12 நிறைய. நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் பெருக விடும் காலம் அது. அப்போது வளர்ப்புக் கட்லாவோ ரோகுவோ வாங்கலாம். ஆட்டுக்கறி மாதம் ஒரு முறை போதும் என்று கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உரப் பானையும் இரண்டாம் மாடியும்

நானும் இதில் அடி வாங்கியவள். முதல் பானையில் ஆசையாக மீன் தலையையும் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் தெருப் பூனைகள் அத்தனைக்கும் விருந்து வைத்தேன். நாற்றமும் புழுவும் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு அதே அளவு காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ போட வேண்டும். சமைத்த உணவு, மீன், எலும்பு கூடாது. புழுக்களில் பெரும்பாலானவை கழிவைத் தின்று தீர்ப்பவை, கெடுதல் செய்யாதவை. ஆனால் அதைக் கீழ்வீட்டுக்காரரிடம் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அவர் தலையில் விழுந்திருக்கிறது. பானைக்கு அடியில் தட்டும் மேலே வலைத்துணியும் போட்டுவிட்டு, ஒரு முறை நேரில் போய்ப் பேசுங்கள்.

வீட்டிலேயே உரம் போட்டாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஈரக்கழிவு, உலர்கழிவு, அபாயக் கழிவு என்று பிரித்துக் கொடுப்பது 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே வந்துவிட்ட கடமை. திருச்சியில் மாநகராட்சியின் நுண்ணுர மையங்கள் இருக்கின்றன. பிரித்துக் கொடுத்த ஈரக்கழிவு அங்கே உரமாகிறது. பிரிக்காமல் கலந்து கொடுத்தால்தான் குப்பை மேடு. சங்கத்துக் கூட்டத்தில் பேச வேண்டியது இதைத்தான். பொரித்த எண்ணெயை மட்டும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்; காகிதத்தில் துடைத்தெடுத்து, அந்தக் காகிதத்தைத் தனியாகப் போடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இவர்களை உங்கள் வழிக்குக் கொண்டுவருவதற்கு, என்னிடம் உபாயம் ஏதும் இல்லை. சமையலறையை ஒருவர் மட்டும் ஆண்டால் மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்கும் பரோட்டாக் கடைக்கும் போகத்தான் செய்வார்கள். ஞாயிறு மாலை நால்வரும் உட்கார்ந்து அந்த வாரத்துப் பட்டியலைப் போடுங்கள். மகளுக்கும் ஒரு நாள் கொடுங்கள். மாமியாருக்குக் காலைக் காபி உங்கள் வீட்டுப் பாலிலேயே, சர்க்கரை போடாமல் கிடைக்கட்டும். இத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியவரிடம் உளுந்தை எத்தனை மணி நேரம் ஊறவைப்பது, வெண்டைக்காயை எதில் சுற்றினால் நான்கு நாள் தாங்கும் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை" என்று அவர் சொன்னதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மிஞ்சிய சோற்றில் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டு வடகம் பிழிய அவருக்குத் தெரிந்திருக்கும். விறகடுப்பை எடுத்துவிட்டால் மொட்டை மாடியில் நல்ல வெயில் படும் இடம் ஒன்று காலியாகும். உப்பை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், அவருக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது.